வாகபாண்ட் ஓவிய நூல்கள்: வாட்டர், சுமி

வாட்டர், சுமி ஆகியவை ஜப்பானிய மங்கா ஓவியர் தகேஹிக்கோ இனோவேயின் 'வாகபாண்ட்' தொடரை ஒட்டி வந்த இரண்டு ஓவிய நூல்கள். கோடன்ஷா பதிப்பகம் இவற்றை 2006இல் வெளியிட்டது. விஸ் மீடியா நிறுவனம் 2008இல் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தது. வாட்டரில் வண்ணப் படங்களும் சுமியில் கறுப்பு வெள்ளைப் படங்களும் உள்ளன. இரண்டையும் கடையில் அருகருகே வைத்தால் கை முதலில் வண்ண நூலுக்குத்தான் போகும். ஆனால் வாகபாண்டை வாகபாண்டாக ஆக்கியது எதுவோ அது சுமியில்தான் இருக்கிறது. பிடித்த மங்காவின் ஓவிய நூல்களைத் தேடிச் சேர்ப்பவர் உண்மையில் எதைச் சேர்க்கிறார் என்ற கேள்விக்கு இந்த இரட்டை நூல்கள் நல்ல உரைகல்.

மங்காவும் ஓவிய நூலும்

ஜப்பானில் ஒரு மங்கா பெரும்பாலும் வார இதழிலோ மாத இதழிலோ தொடராகத்தான் முதலில் வரும். இதழ் தடிமனாக இருக்கும், தாள் மட்டமாக இருக்கும். படித்து முடித்ததும் பழைய தாளோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கதை வளர்ந்த பிறகு அத்தியாயங்களைத் தொகுத்துச் சிறிய புத்தகமாகப் போடுவார்கள். இதற்குத் தாங்கோபோன் என்று பெயர். வாசகர் வீட்டு அலமாரியில் நிலைப்பது இதுதான்.

இந்த மாற்றத்தில் சில பொருள்கள் தொலைந்துபோகின்றன. தொடருக்கு வரவேற்பு இருக்கும்போது சில அத்தியாயங்களின் முதல் பக்கங்களை இதழில் வண்ணத்தில் அச்சிடுவார்கள். தாங்கோபோனுக்கு வரும்போது அவற்றில் பெரும்பாலானவை சாம்பல் நிறமாகிவிடும். ஓவியர் நீலம் என்றும் சிவப்பு என்றும் பிரித்துத் தீட்டியது ஒரே மங்கலாகத் தெரியும். அத்தியாயத் தலைப்புப் படங்கள் சில சமயம் அடியோடு விடுபடும். இப்படித் தொலைந்தவற்றைத் திரும்பக் கொண்டுவரும் இடமே ஓவிய நூல். ஜப்பானிய மொழியில் இதைக் கஷூ என்பர். படத் தொகுப்பு என்பது சொல்லின் பொருள்.

எல்லாக் கஷூவும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா கிளப்' (1995) ஓர் ஆவணக் காப்பகம் போன்றது. அகிரா இதழில் வந்தபோது இருந்து, புத்தகமாகும்போது கைவிடப்பட்ட தலைப்புப் பக்கங்களை அது திரட்டித் தருகிறது. எய்ச்சிரோ ஓடாவின் 'கலர் வாக்' வரிசை 2001இல் தொடங்கியது. ஒன் பீஸ் கதையோடு தொடர்பில்லாமல், கப்பல் குழுவினர் விலங்குகளோடு சேர்ந்து உண்டு உறங்கிக் கும்மாளமிடும் பெரிய வண்ணப் படங்களை அதில் காணலாம். ஹயாவோ மியசாகி 'நவுசிகா' மங்காவுக்குத் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் 1996இல் ஒரு நூலாயின. இம்மூன்றும் வாசகரிடம் இல்லாத ஒன்றைத் தருகின்றன. சுமியின் நிலை வேறு. ஏற்கெனவே கறுப்பு வெள்ளையில் அச்சான ஒரு தொடருக்குக் கறுப்பு வெள்ளையில் தனியாக ஓர் ஓவிய நூல் எதற்கு? கையில் தாங்கோபோன் இருப்பவர் அதையே மறுபடி காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? நியாயமான கேள்விதான்.

சேர்ப்போர் வழக்கங்கள்

ஓவிய நூல்கள் பெரும்பாலும் அதிக அச்சுகளைக் காண்பதில்லை. முதல் அச்சு தீர்ந்தால் பழைய புத்தகக் கடைதான் கதி. தோக்கியோவின் நாகானோ பகுதியில் உள்ள மந்தராகே போன்ற கடைகள் இந்தத் தேவையை நம்பியே வளர்ந்தவை. அங்கே ஒரு நூலின் விலையை ஓபி கூட ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஓபி என்பது அட்டையின் கீழ்ப்பகுதியைச் சுற்றிவரும் விளம்பரத் தாள்பட்டை. கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கும் அதே பெயர்தான். வாங்கியவர் தூக்கிப் போட வேண்டிய துண்டுத் தாள் கிழியாமல் இருந்தால் அந்தப் பிரதிக்கு மதிப்பு கூடுகிறது.

ஒரே நூலில் மூன்று பிரதி வாங்க வேண்டும் என்று ஜப்பானிய ரசிகர்களிடையே பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் ஒரு பேச்சு உண்டு. ஒன்று பார்ப்பதற்கு, இன்னொன்று பாதுகாப்பதற்கு, மூன்றாவது பிறரிடம் கொடுத்து அவரையும் ரசிகராக்குவதற்கு. மூன்றில் மூன்றாவதே பாராட்டத்தக்கது. இரண்டாவது கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் நிற்கும். பள்ளி நூலகத்தில் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் நல்ல புத்தகமும் இப்படித்தான். அது இருக்கிறது என்பது பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். ஓவிய நூல் பார்ப்பதற்காகவே அச்சிடப்பட்டது. உறை பிரியாத சுமிக்கும் உறை பிரியாத வேறெந்த நூலுக்கும் வேறுபாடு கிடையாது.

பென்னிலிருந்து தூரிகைக்கு

இந்த நூல்களை மதிப்பிட வேண்டுமானால் தொடரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எய்ஜி யோஷிகாவா 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் தொடராக எழுதிய 'முசாஷி' நாவலைத் தழுவியது வாகபாண்ட். 1998இல் கோடன்ஷாவின் 'மார்னிங்' வார இதழில் தொடங்கியது. 2000இல் கோடன்ஷா மங்கா விருதையும் 2002இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதையும் பெற்றது. 2015 முதல் தொடர் நின்றுபோயிருக்கிறது. அதுவரை வந்தவை 37 தொகுதிகள்.

கதை 1600ஆம் ஆண்டின் செகிகஹாரா போர்க்களத்தில், பிணங்களுக்கிடையே தொடங்குகிறது. தோற்ற பக்கத்தில் நின்ற தகேசோ என்ற முரட்டு இளைஞன் மியமோத்தோ முசாஷியாக மாறும் பயணமே தொடர். இனோவே இதற்கு முன் 1990 முதல் 1996 வரை 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கதையை வரைந்து பெரும் புகழ் பெற்றவர். வியர்வையும் தசையும் வரைவதில் அவருக்கு அப்போதே கை தேர்ந்திருந்தது. நாரா நகரின் ஹோசோயின் கோயிலில் ஈட்டித் துறவி இன்ஷுனோடு முசாஷி மோதும் தொடக்கத் தொகுதிகளில் அந்தத் தேர்ச்சியைப் பார்க்கலாம். பென் முனையால் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்த மெல்லிய கோடுகள் முகத்துக்கு நிழல் தருகின்றன. துணியின் மடிப்பும் மரப்பட்டையின் சொரசொரப்பும் அப்படியே தெரிகின்றன. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அது கெட்டிக்கார மாணவனின் விடைத்தாள் போல இருக்கிறது. எல்லாம் சரி, எங்கும் மூச்சுவிட இடமில்லை.

14ஆம் தொகுதியில் கதை சசாக்கி கொஜிரோவுக்குத் திரும்புகிறது. அந்தக் கட்டத்தில் இனோவே பென்னை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். இந்த மாற்றத்தின் பதிவேடுதான் சுமி. அதன் மதிப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது.

வாட்டர்

வாட்டரைக் குறைத்துச் சொல்வது முறையல்ல. தொகுதி அட்டைகளும் இதழுக்காகத் தீட்டிய வண்ணப் பக்கங்களும் நல்ல தாளில் பெரிய அளவில் கிடைக்கின்றன. இனோவேயின் வண்ணத்தில் நீர் அதிகம், பூச்சு குறைவு. தோலின் நிறம் ஓரிடத்தில் அடர்ந்து, அடுத்த இடத்தில் தாளின் வெண்மையிலேயே கரைந்துவிடும். முகத்தை நுணுகி வரைந்துவிட்டு ஆடையை நாலு வீச்சில் விட்டுவிடுவார். அட்டையில் தலைப்பும் எண்ணும் ஏறி மறைத்திருந்த இடங்கள் இங்கே வெறுமையாக, ஓவியர் விட்டபடியே தெரிகின்றன. இதைக் காணவே அந்த நூலை வாங்கலாம்.

ஆனால் பக்கம் புரட்டப் புரட்ட ஒரு குறை உறுத்துகிறது. முசாஷி நிற்கிறார், முசாஷி பார்க்கிறார், முசாஷி வாளைத் தோளில் சாய்த்திருக்கிறார். அட்டைப் படத்துக்கு இது போதும். கடையில் வாங்குபவரை நிறுத்த வேண்டும் என்பதே அட்டையின் வேலை. இருபது முப்பது அட்டைகளை ஒன்றாகத் தைக்கும்போது ஒவ்வொன்றும் 'என்னைப் பார்' என்கிறது, எதுவும் அடுத்ததற்கு வழிவிடுவதில்லை. வண்ண ஓவிய நூல்களுக்குப் பொதுவாக உள்ள நோய் இது. வாட்டர் அதைவிடக் கொஞ்சம் தேறியிருக்கிறது, அவ்வளவே.

சுமி

சுமி என்பது கீழை நாட்டு ஓவியர் பயன்படுத்தும் கறுப்பு மை. மரத்தையோ எண்ணெயையோ எரித்த கரியை விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாக்கிக் காயவைப்பார்கள். வேண்டும்போது கல்லில் சில சொட்டு நீர் விட்டு அந்தக் கட்டியைத் தேய்த்தால் மை கிடைக்கும். நீர் கூடினால் புகைபோல வெளுக்கும், குறைந்தால் கரும்பாறைபோல இறுகும். ஆக, நீர் இல்லாமல் சுமி இல்லை. இரு நூல்களின் பெயர்களும் ஒரே கல்லில் சேரும் இரு பொருள்கள். வண்ணம் ஒரு நூல், கறுப்பு வெள்ளை ஒரு நூல் என்று பிரித்தது பதிப்பக வசதி. பெயர் வைத்தவர் அந்தப் பிரிவை அவ்வளவாக நம்பவில்லை போலும்.

தாங்கோபோன் வைத்திருப்பவர் சுமியை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கான விடையும் இங்கேதான் உள்ளது. மங்கா அச்சு ஒரே ஒரு கறுப்பு மையைக் கொண்டது. வெளிர் கறுப்பு என்று அதற்கு ஒன்று கிடையாது. புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் வைத்துத்தான் சாம்பலைக் காட்ட வேண்டும். பென் கோட்டுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. கோடு ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. தூரிகைக்கு இது கொடுமை. மை வற்றிவரும் தூரிகை தாளில் இழுபடும்போது மயிர்க்கற்றை பிரிந்து, நடுவில் வெண்கோடுகள் விட்டுக்கொண்டே போகும். நீர்த்த மை ஓரத்தில் தேங்கி ஒரு கரைக்கோடு கட்டும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய தாங்கோபோனில், மலிவுத் தாளில், இவை வெறும் இருட்டாகவும் வெளிச்சமாகவும் சுருங்கிவிடுகின்றன. சுமியின் பெரிய பக்கத்தில் தூரிகை எங்கே தொட்டது, எங்கே வேகமெடுத்தது, எங்கே தூக்கப்பட்டது என்பதைக் கண்ணால் தொடர முடிகிறது. கதையில் வாள் செய்வதையே கை செய்திருப்பது அப்போதுதான் தெரிகிறது.

முசாஷியைத் தூரிகையால் வரைவதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. வரலாற்று முசாஷி தாமே மை ஓவியர். நிதென் என்ற பெயரில் அவர் வரைந்தவற்றுள் பட்ட கிளையில் அமர்ந்த கீச்சான் குருவியின் படம் பேர்பெற்றது. இசுமி நகரின் குபோசோ நினைவு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. கீழிருந்து மேலே ஏறும் கிளை ஒரே இழுப்பு; உச்சியில் பறவை, கிளையின் நடுவே ஊர்ந்து ஏறும் ஒரு புழு. மற்றதெல்லாம் வெற்றுத் தாள். புழுவின் கதி என்னவாகும் என்பதை அந்த வெற்றுத் தாளே சொல்லிவிடுகிறது. இனோவே இதைப் பார்த்து நகலெடுக்கவில்லை. ஆனால் வாகபாண்டின் தூரிகைப் பக்கங்களில் வெண்மை செய்யும் வேலை அதே வகையைச் சேர்ந்தது. பென் காலத்தில் பின்னணி என்பது நிரப்ப வேண்டிய இடம். தூரிகைக் காலத்தில் அது காத்திருக்கும் இடம்.

பேசாத வீரன்

யோஷிகாவாவின் கொஜிரோ பகட்டும் பேச்சும் உள்ளவன். இனோவே அவனைக் காது கேளாதவனாக, பேச்சு வராதவனாக மாற்றினார். நாவலில் இல்லாத இந்த மாற்றமே தொடரின் மிகத் துணிச்சலான முடிவு. கடலிலிருந்து ஒரு நீண்ட வாளோடு வந்துசேரும் குழந்தையைக் கிழவர் கனேமாக்கி ஜிசாய் வளர்க்கிறார். 14 முதல் 20 வரையான தொகுதிகளில் கதையின் நாயகன் வாயைத் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை.

மங்காவில் பேச்சுக் குமிழி வெறும் வசனப்பெட்டி மட்டுமல்ல. வாசகரின் கண் பக்கத்தில் எந்த வழியில் நகர வேண்டும் என்பதையும் அதுவே நடத்துகிறது. கொஜிரோ தனித்து நிற்கும் பக்கங்களில் அந்த வழிகாட்டி இல்லை. தோளின் சாய்வும் பார்வையின் திசையும் புல் வளைந்த விதமும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் தூரிகை அந்த இடத்தில் வந்தது என்று கொள்வதில் தவறில்லை. பேச்சு போன இடத்தைக் கோடே பேசி நிரப்ப வேண்டியிருந்தது.

கதையிலிருந்து பிரித்தெடுத்த படம் பொதுவாகக் கொஞ்சம் ஊமையாகிவிடும். யார், எதற்கு, பிறகு என்ன என்று பார்ப்பவர் திகைப்பார். கொஜிரோவின் படங்களுக்கு இந்தச் சேதம் குறைவு, ஏனெனில் கதைக்குள்ளேயே அவை ஊமைப் படங்கள்தான். சுமியில் அவன் வரும் பக்கங்கள் மற்றவற்றைவிட ஆழமாக நிற்பதன் காரணம் இது. முசாஷியின் படங்கள் சில அந்நூலில் அந்தரத்தில் தொங்குகின்றன. அவர் தனக்குள் ஓயாமல் பேசிக்கொள்பவர், அந்தப் பேச்சு பக்கத்திலிருந்து போனதும் பாதி ஆள் போய்விடுகிறார்.

மடிப்பும் வரிசையும்

இரண்டு பக்கம் விரியும் படங்களில் எந்த ஓவிய நூலும் சரியாகத் தேறுவதில்லை. தைத்த புத்தகத்தின் நடு மடிப்பு படத்தின் ஒரு விரற்கடையை விழுங்கிவிடும். தாங்கோபோனில் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. கண் கதையின் வேகத்தில் தாண்டிவிடும். நின்று பார்ப்பதற்கென்றே செய்த நூலில் அந்த மடிப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. முழுவதும் விரிக்கப் பார்த்தால் முதுகு வெடிக்கும். பழைய பிரதி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது ஓபியை அல்ல, முதுகை.

இதைவிடப் பெரிய இழப்பு வரிசை. மங்காவின் ஒரு கட்டம் தனியே நின்று பொருள் தருவதில்லை. வாள் உருவப்படுவதற்கு முன் இரண்டு பக்கம் காற்று மட்டும் வீசும். அந்த இரண்டு பக்கம் படித்து வந்தவருக்கே மூன்றாம் பக்கத்தின் வீச்சு உறைக்கும். ஓவிய நூலின் தொகுப்பாளர் மூன்றாம் பக்கத்தை எடுத்துக்கொள்கிறார், காற்றை விட்டுவிடுகிறார். படம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அது ஒரு விடை; கேள்வி தாங்கோபோனில் தங்கிவிட்டது.

கரும்பலகையும் சுவரும்

இந்தச் சிக்கலை இனோவே நன்றாக உணர்ந்தவர் என்பதற்கு நூல்களுக்கு முன்னும் பின்னும் அவர் செய்த இரண்டு காரியங்கள் சாட்சி.

2004 டிசம்பரில், ஸ்லாம் டங்க் புத்தகங்கள் ஜப்பானில் 10 கோடிப் பிரதிகள் எட்டியதை ஒட்டி, கனகாவா மாவட்டத்தில் மூடப்பட்டுவிட்ட ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் போனார். அங்கிருந்த 23 கரும்பலகைகளில் சாக்குக் கட்டியால் கதையின் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் கழித்து ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று வரைந்தார். வாசகர்கள் வகுப்பு வகுப்பாக நடந்து போய்ப் படித்தார்கள். மூன்று நாள் கழித்து அழித்தாகிவிட்டது. கரும்பலகையில் எழுதியது மறுநாள் இருக்காது என்பது பலகையின் முன் நின்ற எவருக்கும் புதிதல்ல. அதையே ஒரு மங்காவின் முடிவாக்கியதுதான் புதிது. பின்னர் அந்தப் பலகைகள் நூலாகவும் வந்தன. மூலம் இல்லாமற் போனதால், அந்த நூலைச் சேர்ப்பதற்கு மறுக்க முடியாத காரணம் இருக்கிறது.

வாட்டரும் சுமியும் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 2008இல், தோக்கியோவின் உவேனோ அரச அருங்காட்சியகத்தில் 'கடைசி மங்கா கண்காட்சி' நடந்தது. பின்பு குமமொத்தோ, ஒசாகா, செந்தாய் நகரங்களுக்கும் அது போனது. ஏற்கெனவே அச்சான பக்கங்களைச் சட்டமிட்டு மாட்டுவது மங்கா கண்காட்சிகளின் வழக்கம். இனோவே அதைச் செய்யவில்லை. முசாஷியின் இறுதி நாள்களைக் கதையாகவே புதிதாக வரைந்து, அறைகளின் சுவர்களில் வரிசையாக மாட்டினார். சில படங்கள் கையளவு, சில சுவரளவு. பார்ப்பவர் நடக்கும் நடையே பக்கம் புரட்டுவதாயிற்று. முசாஷி கொஜிரோ இருவரின் இறுதிச் சண்டையைத் தொடர் இன்றுவரை எட்டவில்லை. முசாஷியின் மரணத்தையோ சுவர்கள் 2008லேயே சொல்லிவிட்டன.

சுமி கைவிட்ட வரிசையை அந்தக் கண்காட்சி மீட்டெடுத்தது. பெரிய அளவும் தூரிகையின் முழு வெளிப்பாடும் அங்கே இருந்தன, கதையும் இருந்தது. அந்த வகையில் சுமி ஓர் இடைப்படி. தாங்கோபோனின் நெருக்கடியிலிருந்து ஓவியத்தை வெளியே எடுத்தது. எடுத்த இடத்தில் கதையைத் தவறவிட்டது.

வாங்குவோருக்கு

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சுமியை வாங்கலாம். வாட்டரின் வேலையில் ஒரு பகுதியை வேறு பதிப்புகளும் செய்கின்றன. மூன்று தொகுதிகளை ஒன்றாக்கி விஸ் வெளியிட்ட ஆங்கிலப் பெரும்பதிப்பில் சில வண்ணப் பக்கங்கள் வண்ணத்திலேயே உள்ளன. சுமியின் வேலையைத் தாங்கோபோன் செய்யாது. படங்களுக்கே முதலிடம் உள்ள நூல் என்பதால் ஜப்பானியப் பிரதியா ஆங்கிலப் பிரதியா என்று அலைய வேண்டியதில்லை. 14 முதல் 20 வரையான தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுமியில் காணும் படத்தை அங்கே தேடிக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பது நல்லது. வரைய விரும்பும் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி எந்த ஓவியப் பாடநூலைவிடவும் பயன் தரும். அதே கட்டம் சிறியதாகவும் பெரியதாகவும் இருக்கும்போது எது போயிற்று, எது வந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் இன்னும் நன்று.

ஒன்று மட்டும் இந்த இரு நூல்களிலும் கிடைக்காது. 2006இல் வந்தவை என்பதால் பிற்காலத் தொகுதிகளின் படங்கள் இவற்றில் இல்லை. 34ஆம் தொகுதிக்குப் பின் முசாஷி வாளை ஒதுக்கிவைத்துவிட்டு, இயோரி என்ற அனாதைச் சிறுவனோடு பட்டினி கிடக்கும் ஒரு கிராமத்தில் மண்ணைக் கொத்துகிறார். வெள்ளம் வருகிறது, விதைத்தது அழிகிறது. நீர் எந்த வழியாகப் போக விரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வாய்க்கால் வெட்டி நெல் விளைவிக்கக் கற்றுக்கொள்கிறார். சண்டை கிடையாது, சேறும் மழையும் குனிந்த முதுகுகளும்தான். இனோவேயின் தூரிகை மிகவும் அடங்கி, மிகவும் நீர்த்து ஓடுவது அந்தப் பக்கங்களில். வாட்டர் என்ற பெயர் அவற்றுக்கு இன்னும் பொருந்தியிருக்கும். இப்போதைக்கு அவற்றைத் தாங்கோபோனின் சிறிய பக்கத்தில்தான், விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.